அமுக்குவானும் ஆச்சியின் பெருவிரலும்

கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு, தேர்வுக்கு முந்தைய வாரம். மூன்று நாளாக விடிய விடியப் படிப்பு. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணயரலாம் என்று மல்லாந்து படுத்தேன். விழிப்பு வந்தபோது மேலே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. அறை நண்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூடக் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கை, கால், கழுத்து எதுவும் என்னுடையதாக இல்லை. அப்போதுதான் கதவருகே யாரோ நிற்பது புரிந்தது. முகம் இல்லை, இருட்டு மட்டும் ஆள் உயரத்துக்கு இருந்தது. அது நகர்ந்து வந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நண்பனைக் கூப்பிட்டுக் கதறினேன்.

கதறினேன் என்று நினைத்தது நான் மட்டும்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை. "கண்ணு பாதி திறந்திருந்துச்சு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்த, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை. "ஏலே, அது அமுக்குவாம்லா. உங்க அப்பன் பொறந்த வீட்டுல எனக்கும் வந்திருக்கான். தலமாட்டுல இரும்பு வச்சுப் படு. அப்படியும் வந்தாம்னா கால் பெருவெரல ஆட்டிப் பாரு, விட்டுட்டுப் போயிருவான்." அன்றிரவு தலையணைக்கடியில் கருக்கரிவாள் வந்துவிட்டது. அறிவியல் மாணவனான நான் அரிவாளைப் பார்த்துச் சிரித்தேன். பெருவிரல் விஷயத்தை அடியோடு மறந்துபோனேன். இரண்டில் எதைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும், எதைக் குறித்துவைத்திருக்க வேண்டும் என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அந்த வயதில் என் கைவசம் ஒரு 'அறிவியல் விளக்கம்' தயாராக இருந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். புளிய மரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். அது பேயல்ல, இரவில் மரம் கரியமில வாயுவை விடுகிறது, காற்றைவிடக் கனமான அந்த வாயு படுத்திருப்பவரின் நெஞ்சில் இறங்கி மூச்சை அடைக்கிறது, முன்னோர்கள் அதைத்தான் பேய் என்று சொல்லிவைத்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் முதல் மேடைப் பேச்சாளர்கள் வரை பெருமிதத்தோடு சொல்லும் கதை இது. இரவில் மரம் சுவாசிப்பதும் உண்மை, கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதும் உண்மை. ஆனால் மரம் விடுவது சொற்பம், திறந்தவெளிக் காற்றில் அது உடனே கலந்துவிடும். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அப்படிப் பார்த்தால் மரத்தைவிடப் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் மாமாவுக்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். தவிர, என்னை அமுக்கியது மதியம் மூன்று மணிக்கு, கான்கிரீட் கூரைக்குக் கீழே. பேய்க்குப் பதில் வாயுவை வைத்துவிட்டால் அறிவியல் ஆகிவிடாது.

விடை மரத்தில் இல்லை, மூளைத்தண்டில் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் 1950களின் சிகாகோவுக்குப் போக வேண்டும். அங்கே பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, ஒரு பழைய மூளை அலைப் பதிவுக் கருவியைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்து, தன் மகனையே தூங்கவைத்து இரவெல்லாம் பதிவு செய்தார். தூக்கத்தின் நடுவே பையனின் கண்கள் இமைக்குள் வேகவேகமாக ஓடின. விழித்துக்கொண்டானோ என்று போய்ப் பார்த்தால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். 1953இல் இருவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, தூக்கம் என்பது ஒரே அணைந்த விளக்கு என்ற எண்ணம் போயிற்று. கண்கள் ஓடும் இந்தக் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர் வந்தது. செறிவான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இது வந்து போகும். விடியலை நெருங்க நெருங்க நீளும்.

கனவில் ஓடுகிறோம், சண்டை போடுகிறோம், மாடியிலிருந்து குதிக்கிறோம். மூளையின் இயக்கப் பகுதி உண்மையாகவே கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க உடம்பு ஏன் பாயிலேயே கிடக்கிறது? பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார். ரெம் தூக்கத்தில் பூனையின் கழுத்துத் தசை துணிபோல் துவண்டுவிடுவதை 1959இல் விவரித்தார். பிறகு மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கம் கலையாமலே எழுந்து நின்றன, பதுங்கின, இல்லாத எலியின் மேல் பாய்ந்தன. கனவு காணும் உடம்புக்கு ஒரு பூட்டு இருக்கிறது, அதை இவர் கழற்றிவிட்டார். மனிதரிலும் பூட்டுக் கழன்றவர்கள் உண்டு. பெரும்பாலும் வயதான ஆண்கள், கனவில் யாரையோ அடிப்பதாக நினைத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடுகிறவர்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் மருத்துவர்கள் 1986இல் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள்.

பூட்டின் உட்பகுதியை டொரான்டோவில் பாட்ரிசியா புரூக்ஸும் ஜான் பீவரும் 2012இல் எலிகளில் காட்டினார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்களை கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்து அமுக்கிவைக்கின்றன. ஒன்றைத் தடுத்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இரண்டையும் தடுத்தால்தான் தசை விடுபடும். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டு பூட்டும் போடுவதுபோல. ஆனால் இந்தப் பூட்டு இரண்டு இடங்களைத் தொடுவதில்லை: ஒன்று கண்ணை அசைக்கும் தசைகள், மற்றொன்று மூச்சை இழுக்கும் உதரவிதானம். இந்த இரண்டு விதிவிலக்குகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கைகொடுக்கும்.

அமுக்குவானின் கதை இப்போது ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மூளை விழித்துவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. வழக்கமாக ரெம் முடிவதும் பூட்டு அவிழ்வதும் விழிப்பதும் ஒன்றையொன்று ஒட்டியே நடக்கும். எப்போதாவது அந்த வரிசை குலைகிறது. சில நொடிகள், சில நிமிடங்கள். தானாகவே அவிழும். அவிழாமல் நின்றுபோன பூட்டு என்று ஒன்று இல்லை.

சரி, உடம்பு அசையவில்லை. அந்த ஆள் எங்கிருந்து வந்தான்? இதுதான் விஷயத்தின் சுவையான பகுதி. கனவின் ஒரு கால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ரெம் தூக்கத்தில் அமிக்டலா என்னும் பயத்தின் காவல்காரன் சுறுசுறுப்பாக இருப்பான். விழித்துப் பார்த்தால் உடம்பு கட்டுண்டு கிடக்கிறது. 'ஆபத்து' என்று அவன் மணியடிக்கிறான். ஆபத்து என்றால் யாரோ இருக்க வேண்டும். அரையிருட்டில் தொங்கும் சட்டை போதும், மிச்சத்தை மூளை வரைந்துகொள்ளும். நெஞ்சின் மேல் விழும் கனத்துக்கும் காரணம் உண்டு. ரெம் தூக்கத்தில் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளும் தளர்ந்திருக்கும். உதரவிதானம் மட்டும் மேலோட்டமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பயந்துபோன நாம் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கப் பார்க்கிறோம். மார்பு விரிவதில்லை. அந்த மறுப்பைத்தான் 'யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்' என்று மூளை படிக்கிறது. உடம்புக்குத் தேவையான காற்று அப்போதும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

நிழலாளைப் பற்றி இன்னொரு தடயம் 2006இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தது. வலிப்பு நோய்க்கான பரிசோதனைக்காக ஒரு இளம்பெண்ணின் மூளையில், பொட்டு எலும்பும் உச்சி எலும்பும் சேரும் இடத்துக்குக் கீழே, மருத்துவர்கள் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தார்கள். அவள் பின்னால் யாரோ இருப்பதாகச் சொன்னாள். அவள் படுத்திருந்தால் அந்த ஆளும் படுத்திருந்தான். அவள் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் அவனும் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டான். 'என் உடம்பு இங்கே இருக்கிறது' என்று கணக்கு வைக்கும் பகுதி அது. கணக்கு தவறினால், நம் உடம்பே இன்னொரு ஆளாகப் பக்கத்தில் நிற்கும். கதவருகே நின்றது நானேதானோ என்னவோ.

உலகம் முழுக்க அவனுக்குப் பெயர்கள் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அவன் கிழவி. துருக்கியில் கராபசான், கறுப்பாய் வந்து அழுத்துபவன். கம்போடியர்கள் வைத்திருக்கும் பெயருக்கு நம்முடையதைப் போலவே 'அமுக்கும் பேய்' என்றுதான் பொருள். தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் 1990இல் 'விதவைப் பேய்' ஆண்களைத் தேடி வருகிறது என்று பயம் பரவி, ஆண்கள் தூங்கப்போகும் முன் நகங்களில் சிவப்புச் சாயம் பூசிப் பெண்வேடம் போட்டுக்கொண்டார்கள். ஜப்பானியச் சொல்லான கனஷிபாரிக்கு உலோகத்தால் கட்டுண்டது என்று பொருள். எங்கள் ஆச்சிக்கு இரும்பு விடுவிக்கும் பொருள், அவர்களுக்கு அதுவே கட்டும் பொருள். ஆங்கிலத்தில் கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற சொல்லின் பின்பாதிகூடப் பெண்குதிரை இல்லை, 'மாரா' என்ற பழைய அமுக்குப் பேய்தான். ஓவியர் ஹென்றி ஃபியூஸ்லி 1781இல் தீட்டிய படத்தில் பேயும் உண்டு, குதிரைத் தலையும் உண்டு. அதில் தூங்கும் பெண்ணை அவர் சரியாக மல்லாக்கப் படுக்கவைத்திருக்கிறார். நெதர்லாந்து மருத்துவர் டீமர்புரூக் 1664இலேயே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தியின் நோய்க் குறிப்பில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்: பிசாசு ஏறிப் படுக்கிறது, மூச்சடைக்கிறது, மல்லாந்து தூங்கும்போது அதிகம் வருகிறது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் அவர் பார்த்தது இன்றும் தப்பாகவில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது? 35 ஆய்வுகளைத் திரட்டி 2011இல் போட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் 7.6 சதவீதம், மாணவர்களில் 28.3 சதவீதம், மனநலச் சிகிச்சை பெறுவோரில் 31.9 சதவீதம். மாணவர்களுக்கு ஏன் இவ்வளவு என்று தேர்வுக்கால விடுதியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992இல், தூங்குகிறவர்களை நடுவில் எழுப்பி மறுபடி தூங்கவிட்டு, ஆய்வகத்திலேயே அமுக்குவானை வரவழைத்துக் காட்டினார்கள். எழுந்து மறுபடி படுத்த சிலர் வழக்கமான படிகளைத் தாண்டி நேராக ரெம் தூக்கத்துக்குள் விழுந்தார்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். சுழல்முறை வேலை பார்க்கும் செவிலியர், இரவுப் பணி முடிந்து பகலில் தூங்கும் மென்பொருள் ஊழியர், குழந்தைக்குப் பாலூட்ட நாலு முறை எழும் தாய் எல்லோரும் தெரியாமல் இதே சோதனையைத் தங்கள் மேல் செய்துகொள்கிறவர்கள்தான். ஆச்சிக்கு வந்தது 'அப்பன் பொறந்த வீட்டுல' என்பது இப்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

பயம் இதில் விளைவு மட்டுமில்லை, எரிபொருளும் அதுதான். ஆய்வாளர்கள் பலாண்ட் ஜலால், டெவன் ஹின்டன் இருவரும் எகிப்தியரையும் டேனிஷ்காரர்களையும் 2013இல் ஒப்பிட்டார்கள். இது உடம்பின் சங்கதி என்று நினைக்கும் டென்மார்க்கைவிட, ஜின் வந்து பிடிக்கிறது என்று பலர் நம்பும் எகிப்தில் இது அடிக்கடி வந்தது, அதிக நேரம் நீடித்தது, செத்துவிடுவோம் என்ற பயமும் அங்கே அதிகம். போல்பாட் ஆட்சியின் கொடுமைகளிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த கம்போடிய அகதிகளில், மனக்காயம் ஆழமாக இருந்தவர்களை அமுக்குவான் அதிகம் தேடி வந்ததை ஹின்டன் முன்பே பார்த்திருந்தார். பயந்தால் தூக்கம் துண்டு துண்டாகிறது. துண்டானால் அவன் வருகிறான். அவன் வந்துபோனால் மறுநாள் படுக்கவே பயம். அரிவாளைப் பற்றிய என் கணக்கும் இங்கேதான் சிக்கலாகிறது. அது சிலருக்கு நிம்மதி தந்து நல்ல தூக்கம் தந்திருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் அரிவாள் இல்லாத வெளியூர் இரவில் அதே ஆள் என்ன செய்வார்? அவன் நிஜம் என்பதை ஒவ்வொரு இரவும் அந்த இரும்பு உறுதிப்படுத்திக்கொண்டே இருக்கிறது.

அவன் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் செய்யக் கூடாதது, முழுப் பலத்தையும் திரட்டி எழப் பார்ப்பது. நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். பூட்டிய கதவில் மோதினால் சத்தம்தான் பெரிதாகும், பயமும் கூடும். ஆழமாக மூச்சிழுக்கவும் முயல வேண்டாம்; விலாத் தசைகள் ஓய்வில் இருக்கின்றன, கேட்காது. தானாக ஓடும் சின்ன மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். கண் நம் கையில் இருக்கிறது என்றேனே, அதைக் கதவருகே நிற்பவனிடமிருந்து திருப்பி மின்விசிறியிலோ கூரையிலோ வையுங்கள். பிறகு உடம்பின் கோடியில் ஒரே ஒரு சின்னத் தசை: ஒரு விரல் நுனி, நாக்கு, அல்லது, ஆமாம், கால் பெருவிரல். இந்த அனுபவம் உள்ளவர்கள் பல நாடுகளில் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்லும் உத்தி இது. எல்லோருக்கும் எப்போதும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மனசுக்கு அது ஒரு வேலை கொடுக்கிறது, கதறுவதைவிட நல்ல வேலை.

ஜலால் இதை முறைப்படுத்தி நாலு படிகளாக வைத்திருக்கிறார். இது மூளையின் வழக்கமான சறுக்கல், சற்று நேரத்தில் போய்விடும் என்று நினைவுபடுத்திக்கொள்வது. ஆகவே பயப்பட இதில் ஒன்றுமில்லை என்று விலகி நிற்பது. மனத்துக்கு இதமான ஒன்றில், அம்மாவின் முகத்திலோ ஒரு பாட்டிலோ பிரார்த்தனையிலோ, கவனத்தைக் குவிப்பது. தசைகளை இறுக்காமல், அசைய முயலாமல், தளர்வாகக் கிடப்பது. பெருவிரலை ஆட்டு என்கிற ஆச்சியும், ஆட்டாதே என்கிற ஜலாலும் இங்கே பிரிகிறார்கள். இத்தாலியில், பகலிலும் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும் நார்கொலெப்சி நோயாளிகள் பத்துப் பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டு 2020இல் முடிவு வந்தது. பயிற்சி எடுத்த ஆறு பேருக்கு அமுக்குவான் வரும் நாட்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பத்துப் பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் செலவும் பின்விளைவும் இல்லாத முறை, பகலில் தெளிவாக இருக்கும்போதே பழகிவைத்துக்கொள்வதில் நட்டமில்லை. அந்த நேரத்தில் புதிதாக எதுவும் நினைவுக்கு வராது.

விடுபட்டதும் அப்படியே கண்ணை மூடிவிடாதீர்கள். ரெம் தூக்கம் வாசலிலேயே நிற்கிறது, மறுபடி இழுத்துக்கொள்ளும். எழுந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பிறகு ஒருக்களித்துப் படுங்கள்.

இனி, படுக்கப் பயப்படும் இரவுகள். அமுக்குவானைப் பார்க்காதவர்களுக்கும் இது தெரியும்: மூன்று மணிக்கு விழிப்பு, உடனே வீட்டுக் கடன், மகனின் மதிப்பெண், அப்பாவின் சர்க்கரை, எட்டு வருடம் முன்பு சொல்லியிருக்கக் கூடாத ஒரு சொல். பகலில் இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய ஒரு வேலை இருக்கும். யாரையாவது கூப்பிடலாம், எங்காவது போகலாம். இரவில் வங்கி மூடியிருக்கிறது, நினைப்பு மட்டும் திறந்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம். இன்னும் மூன்று மணி நேரம்தான், இப்போது தூங்கினால்தான் உண்டு என்று கணக்குப் போடுகிறோம். தூக்கத்தை விரட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். கைபேசியே கடிகாரம் என்றால் அடுத்த அறையில்.

உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்னது இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் முதுகெலும்பு. படுக்கை தூங்குமிடம் என்று உடம்பு கற்றிருப்பதுபோலவே, புரளுமிடம், கவலைப்படுமிடம் என்றும் கற்றுக்கொள்ளும். ஆகவே இருபது நிமிடம்போலத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து போய்விட வேண்டும். மங்கிய விளக்கில் சுவாரசியமில்லாத எதையாவது படித்து, கண் செருகும்போது திரும்பி வர வேண்டும். குளிரில் போர்வையை விட்டு எழுவது கொடுமைதான். ஆனால் வேலை செய்கிறது.

இன்னொன்று காகிதமும் பேனாவும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் முடித்த வேலைகளை, பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை. 2018இல் வந்த முடிவில், இரண்டாம் கூட்டம் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனது. விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். கவலை எங்கும் போய்விடவில்லை. 'மறந்துவிடக் கூடாதே' என்று காவல் காத்த மனதுக்கு விடுப்பு கிடைத்தது, அவ்வளவுதான். காபியைப் பற்றியும் ஒரு சொல். குடித்த கஃபீனில் பாதி கரைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டிகிரி காபியில் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் மீறி மருத்துவரிடம் போக வேண்டிய இடங்கள் உண்டு. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் அள்ளிக்கொண்டு போகிறது, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவள்கிறது என்றால், அமுக்குவானுக்குப் பின்னால் நார்கொலெப்சி இருக்கலாம். மூளையில் ஒரெக்சின் என்ற பொருள் குறைவதால் வருவது, மருந்துண்டு. பலத்த குறட்டை நடுவில் நின்று திணறி விழித்தால் அது மூச்சுத் தடை, வேறு சிகிச்சை. நெஞ்சு படபடத்துத் தூக்கிவாரிப்போட்டு எழுகிறீர்கள், ஆனால் கைகால் அசைகிறது என்றால் அது இரவு நேரப் பீதித் தாக்குதலாக இருக்கலாம். படுக்கப் பயந்தே வாரத்தில் பல இரவுகள் கழிகின்றன என்றாலும் தனியாகப் போராட வேண்டியதில்லை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் இரவிலும் எடுப்பார்கள்.

கடைசியாக, உங்கள் பக்கத்தில் படுப்பவரிடம் சொல்லிவையுங்கள். கத்த முடியாது, ஆனால் உதரவிதானம் ஓடுகிறது. மூச்சைக் கொஞ்சம் வேகமாக்க முடியும். 'புஸ்ஸு புஸ்ஸு' என்று அன்று நண்பன் கேட்டது அந்த அலறலின் மிச்சம்தான். வெளியிலிருந்து ஒரு தொடுதல் பலருக்குப் பூட்டைத் திறந்துவிடுகிறது. என் மனைவிக்கு இப்போது அந்தச் சத்தம் தெரியும். கண்ணைத் திறக்காமலே முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். "போயிட்டானா?" "போயிட்டான்." "அப்ப அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."